மேலக்கொல்லை போர்வெல்

அன்புள்ள ரவி,

ஏழெட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். செல்வம் மறுபடி புல்லட் வாங்கியிருக்கிறான், மீதியை நீயே ஊகித்துக்கொள்.

விஷயம் வேறு. நம் மேலக்கொல்லை போர்வெல்லில் தண்ணீர் தானாக வருவது நின்றுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மோட்டார் இறக்கினோம். கரண்ட் இல்லாமல் இரவும் பகலும் தானாகப் பொங்கிய தண்ணீர்டா அது! குழாய் வாயை உள்ளங்கையால் அடைக்கப் பார்த்து, முகமெல்லாம் பீய்ச்சியடித்துக்கொண்டு நீ நின்றது ஞாபகம் இருக்கிறதா? வெதுவெதுப்பாக, லேசான துரு வாசனையோடு வரும். சில வருடமாக விரல் தடிமனுக்கு வழிந்தது, அப்புறம் சொட்டியது. இப்போது குழாய் விளிம்பில் செம்பழுப்புக் கறை மட்டும்தான்.

"கீழேயிருந்து யார் சார் தள்ளுறது?" என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டுக் குட்டு வாங்கினாயே, அதற்குப் பதில் கொத்தனாரின் டியூப் லெவலில் இருக்கிறது. ஒரு முனையை உயர்த்திப் பிடித்தால் மறுமுனையில் தண்ணீர் வழிகிறது அல்லவா? பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்குகிறது. அந்த அடுக்கு கடலைப் பார்த்துச் சரிந்துகொண்டே போகிறது. மேலேயும் கீழேயும் களிமண் அடைத்திருப்பதால் தண்ணீர் தப்ப வழியில்லை. மேட்டுத் தண்ணீரின் கனமெல்லாம் பள்ளத்துத் தண்ணீரை அழுத்துகிறது. களிமண்ணைத் துளைத்தால் மேலே பாய்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. விடாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட தண்ணீரை நாம் என்ன செய்தோம்? நினைத்தால் தூக்கம் வரவில்லை. அப்பா அந்தக் குழாய்க்கு ஒரு வால்வு போடவில்லை, நானும் போடவில்லை. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதும் அது ஓடி வடிகாலில் விழுந்தது. ஊரில் எல்லாக் குழாயும் அப்படித்தான். பிறகு ஆளுக்கொரு போர், ஆளுக்கொரு மோட்டார். கிழக்கே கடல் இருக்கிறது, ரவி. நல்ல தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்தான் உப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. அது குறைந்துகொண்டே போனால் கடல் உள்ளே வரும். ஒருமுறை கரித்த கிணற்றைச் சரிசெய்ய நம் ஆயுசு போதாது.

ஆஸ்திரேலியாவிலும் இதே தப்பு நடந்திருக்கிறது. அங்கே 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இந்த மாதிரி ஊற்றுநீர் பரவியிருக்கிறது. திறந்துவிட்ட குழாய்களால் அழுத்தம் இறங்கிப்போக, 1999 முதல் அரசே பணம் போட்டு அவற்றுக்கு மூடி போட்டது, மண் வாய்க்கால்களுக்குப் பதில் குழாய் பதித்தது. பல இடங்களில் அழுத்தம் திரும்ப ஏறியிருக்கிறது. படித்த அன்று கொஞ்சம் தெம்பு வந்தது.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் மாமனாரின் முந்திரித் தோப்பு பண்ருட்டிச் செம்மண்ணில்தானே? மனை போடக் கேட்டு ஆள் வருவதாகச் சொன்னாய். விற்கவேண்டாம் என்று அவரிடம் சொல். முடிந்தால் சரிவுக்குக் குறுக்கே நாலு வரப்பு, மூலையில் ஒரு குட்டை. அங்கே இறங்கும் மழை இங்கே வந்துசேர எத்தனையோ வருடம் ஆகும், தெரியும். ஐப்பசி மழைக்குள் வெட்டிவிடலாம், மண்வெட்டியோடு நானும் வருகிறேன். அவரிடம் பேசிவிட்டு எழுது.

உன்,
குமார்