விழுந்த மரங்கள் சொல்வது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள குணம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மூச்சு வந்தது. இங்கே நாங்கள் நலம். மூத்தவள் மாற்றம் கிடைத்து நம் ஊர் மட்டக்களப்புக்கே போய்விட்டாள்.

உன் பேத்தியின் கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் சுமந்து திரிகிறேன். “அப்பப்பா, 1978இல் உங்கள் ஊரை அடித்தது ஹரிக்கேனா, டொர்னாடோவா?” என்று கேட்டாளாம். “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டாயாம். ஒன்றல்ல, மச்சான்.

குழப்பம் நம் சொற்களிலேயே இருக்கிறது. நாம் சூறாவளி என்பதைத் தமிழ்நாட்டில் புயல் என்கிறார்கள். இங்குள்ள பத்திரிகைகளோ, பத்து வீட்டுக் கூரைத் தகடுகளைப் பிய்த்தெறிந்த காற்றை ‘மினி சூறாவளி’ என்று எழுதுகின்றன. அந்தப் பெயரைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். அது சூறாவளியின் குட்டி அல்ல, வேறு இனம்.

1978 நவம்பர் 23 அன்று நம்மை அடித்தது வங்காள விரிகுடாச் சூறாவளி. அதே இனம் அத்திலாந்திக்கில் பிறந்தால் ஹரிக்கேன், வடமேற்குப் பசிபிக்கில் பிறந்தால் டைபூன். ஆகவே பேத்தி கேட்டதில் முதலாவதுதான் சரி. சூடான கடல்தான் அதற்குத் தீனி. பொதுவாக மேற்பரப்பு நீர் 26.5 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில், நாட்கணக்கில் சுழலும். தரை ஏறியதும் தீனி அறுந்து மெலியும். டொர்னாடோ அப்படியல்ல. இடிமேகத்திலிருந்து நிலம்வரை நீளும் சுழல்தூண் அது. பெரும்பாலும் சில நூறு மீற்றர் அகலம்கூட இராது, சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் மிகக் கொடியவற்றில் காற்று மணிக்கு 320 கிலோமீற்றரைத் தாண்டும். சூறாவளி வருவதைச் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். டொர்னாடோவுக்குக் கிடைப்பது நிமிடங்கள்.

அந்த இரவில் காற்று திடீரென்று நின்றது உனக்கு நினைவிருக்கிறதா? எல்லாம் முடிந்தது என்று அப்பா கதவைத் திறக்கப் போனார். அப்பாச்சி குறுக்கே நின்று, “திறக்காதே, மற்றப் பக்கத்தால் வரும்” என்றார். சூறாவளியின் நடுவில் காற்று அடங்கிய ‘கண்’ என்று ஒன்று இருப்பதை அவர் எங்கும் படித்ததில்லை. வந்தது. முதலில் வடக்குச் சுவரை அறைந்த காற்று பிறகு தெற்குச் சுவரை அறைந்தது. அவர் அன்று குறுக்கே நிற்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

விழுந்த மரங்களைப் பார்த்தே காற்றின் இனத்தைச் சொல்லலாம் என்று காட்டிய வானிலை அறிஞர் டெட் ஃபுஜிட்டா. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும், குண்டு வெடித்த இடத்துக்குக் கீழே மரங்கள் நட்சத்திரக் கதிர்போல் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததை அவர் நேரில் கண்டவர். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில், டொர்னாடோ என்று நம்பப்பட்ட சேதங்களிடையே அதே கதிர்க்கோலம் தெரிந்தது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று பொத்தென்று கீழே விழுந்து நாற்புறமும் சிதறுவதை அதிலிருந்துதான் கண்டுகொண்டார். 1975இல் நியூயோர்க்கில் ஒரு விமானம் தரையிறங்கும்போது விழுந்ததற்கும் அதுவே காரணம் என்றார். நமது ‘மினி சூறாவளி’களில் பல இந்த விழுகாற்றுத்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரல் பின்னேரங்களில் கொழும்பில் இடிமழைக்குச் சற்று முன் சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்குமே, அதுதான் அதன் சாதுவான வடிவம்.

2022 மே 21இல் அங்கே கனடாவில் உன் மேப்பிள் மரத்தைச் சாய்த்ததும் அந்தக் குடும்பம்தான். இடிமேகங்கள் வரிசை கட்டி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நேர்கோட்டில் ஓடும். டெரேச்சோ என்பார்கள், ஸ்பானிய மொழியில் ‘நேர்’ என்று பொருள். உங்கள் தெருவில் எல்லா மரமும் ஒரே திசையில் விழுந்து கிடந்ததாக அப்போது எழுதியிருந்தாய். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியை மரங்களைக் கொண்டு அளக்க முடியாது. காற்றின் வேகப்படி அது பெயர் பெறும் சூறாவளிகளில் மிகக் கீழ்ப்படி. அந்தப் படி காற்றை மட்டுமே சொல்லும், மழையைச் சொல்லாது. மெல்ல நகர்ந்தபடி மலையகத்தில் கொட்டித் தீர்த்தது. மலைகள் மரங்களோடும் வீடுகளோடும் சரிந்தன. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. என்னோடு வேலை செய்த ஒருவர், “காற்று இல்லையே ஐயா, பயப்பட என்ன இருக்கிறது” என்று கீழ்வீட்டிலேயே இருந்துவிட்டார். மறுநாள் படகில்தான் வெளியே வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூறாவளி என்றால் காற்று என்றுதானே நம் தலைமுறைக்குப் பதிந்திருக்கிறது.

பேத்திக்கு இதையெல்லாம் சொல். அவளுக்காக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் வளவில் சில தென்னைகள் தெற்கே தலைவைத்தும் சில வடக்கே தலைவைத்தும் கிடந்தன. உங்கள் வளவு கடற்கரைக்கு இன்னும் கிட்ட இருந்தது. அங்கே எந்தப் பக்கம் விழுந்திருந்தன? நினைவிருந்தால் ஒரு படம் கீறி அனுப்பு.

அன்புடன்,
சிவம்