சம்மன் போய்ச் சேராத சாட்சிக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நான் அரசுத் தரப்பில் நடத்திய லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனதிலிருந்து போன் ஓயவில்லை. கூப்பிட்ட பலரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். என் மேல் வந்த மொட்டைப் பெட்டிஷனில் தொடங்கி நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பக் கிளறப் போவதில்லை. இந்த மாதக் கடைசியோடு அரசு சிறப்பு வழக்கறிஞர் பொறுப்பிலிருந்து விடைபெறுகிறேன். அதற்குள் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பங்கு நன்றி ஒரு பெரியவருக்கு. பேரைப் போடாதீங்க மேடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைத்துப் பிடிக்கும் வழக்குகளில் புகார்தாரரோடு இன்னொருவரையும் உள்ளே அனுப்புவார்கள். சம்பந்தமே இல்லாத வேறொரு அரசு அலுவலகத்திலிருந்து வந்தவராக அவர் இருப்பார். அங்கே என்ன பேசினார்கள், பணம் எப்படிக் கை மாறியது என்று பார்த்து வந்து சொல்வதுதான் வேலை. நம் பெரியவர் அப்போது ஒரு அலுவலகத்தில் உதவியாளர். காலையில் மேலதிகாரி கூப்பிட்டு “போய்ட்டு வாங்க” என்றிருக்கிறார், போயிருக்கிறார். புகார்தாரரின் மாமா என்று சொல்லிக்கொண்டு அறை வாசலில் நின்றிருக்கிறார். ரூபாய் நோட்டில் தடவியிருந்த பினாப்தலின் பொடி வாங்கியவரின் விரலில் ஒட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்ததும் நிறம் மாறியதைப் பார்த்து நடந்ததை எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டார்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் இரண்டு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. இருக்கட்டும்.

2022 தொடக்கத்தில் புகார்தாரர் கூண்டில் ஏறி, “என்னிடம் யாரும் லஞ்சம் கேட்கவில்லை” என்றார். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி ஆகிவிட்டார். அவரைத் திட்ட மனமில்லை. அதே ஊரில், அதே அலுவலகத்தின் தயவில் வாழ வேண்டியவர். ஆனால் கையில் பணம் பிடிபட்டால் மட்டும் இந்த வழக்கு நிற்காது, கேட்டு வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். 2014, 2015-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதில் கறாராக இருந்தன. புகார்தாரரே கைவிட்டால் வேறு சாட்சியத்தை வைத்து நிரூபிக்கலாமா என்ற கேள்வி அப்போது உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வின் முன் நிலுவையில் இருந்தது.

எனக்கு மிச்சம் இருந்தவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். அவருக்கு அனுப்பிய சம்மனோ, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பெட்டிஷன் வந்ததும் அதே சமயத்தில்தான். அரசுத் தரப்பே சாட்சியை ஒளித்து வைத்திருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒருநாள் காலை என் அறை வாசலில் மஞ்சள் பையோடு ஒருவர் நின்றார். “என்னைத் தேடுறீங்களாமே?” என்றார். பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மகள் வீட்டிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. வராமல் இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கவும் முடியாது.

“நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டார்.

“பார்த்ததையும் கேட்டதையும் சொல்லுங்க சார்.”

“அது மட்டும்தானே? சரி.”

குறுக்கு விசாரணை மதியம் வரை நீண்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர், எடுத்த எடுப்பிலேயே காதைப் பிடித்தார். “காது மிஷின் போட்டிருக்கீங்களே, வாசல்ல நின்னவருக்கு உள்ளே பேசினது எப்படிக் கேட்டுச்சு?” பெரியவர் நிதானமாக, “இது போன வருஷம் போட்டது சார். அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு. ‘சொன்னது முழுசா இருக்கா, குறையுதா?’ன்னு பணம் வாங்கினவர் கேட்டார்” என்றார். அடுத்து கரைசல் பாட்டிலை நீட்டினார்கள். அந்த நிறம் நாளாக ஆக வெளுத்துவிடும், உள்ளே இருந்தது பச்சைத் தண்ணீர் போலத்தான் தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கு ரோஸ் கலர். இப்ப இல்ல. ஆனா லேபிள்ல இருக்கறது என் கையெழுத்து.” நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

அதே வருடம் டிசம்பர் 15-ஆம் தேதி நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு வந்தது. புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சியங்களைக் கொண்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாதாடியதைப் பலர் பாராட்டினீர்கள். தீர்ப்பு வழி காட்டியது, சரி. அந்த வழியில் நடத்திப் போக ஒரு சாட்சி இருக்க வேண்டுமே? அவர் அதற்குப் பல மாதம் முன்பே வந்து, சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

இந்தப் பொறுப்புக்கு வருமுன் நிதி நிறுவன மோசடி வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 1997-ஆம் வருட முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே பணம் போட்டவர்கள் பாண்டு பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். ரசீது, வங்கிக் கணக்கு, பேரேடு என்று காகிதம் பாதி வழக்கைப் பேசிவிடும். லஞ்சத்துக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? ஒரு மனிதர் வந்து வாய் திறந்தால்தான் உண்டு. அந்த மனிதரை நாம் நடத்துகிற விதம் இருக்கிறதே, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு கூடக் கிடையாது. வாய்தா என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. புலன் விசாரணை செய்த ஆய்வாளர், மாறுதலாகிப் போன பிறகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். வழக்குச் சொத்து அறை எழுத்தர், கூரை ஒழுகிய மழைக்காலத்தில் பாட்டில்களைத் தன் மேஜை டிராயரில் வைத்துக் காப்பாற்றினார். என் ஜூனியர்கள், பெட்டிஷன் பேச்சு சூடாக இருந்தபோதும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த சக வழக்கறிஞர்கள், முகம் தெரியாமலே செய்தி அனுப்பிய நீங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கை அணைக்கச் சொல்லாத என் கணவர், எல்லோருக்கும் நன்றி.

பதவி போன பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கூண்டில் ஏறப் பயப்படும் சாட்சிகளோடு உட்காரப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தர அல்ல, அது கூடவே கூடாது. கோர்ட் ஹால் எங்கே, குறுக்கு விசாரணை என்றால் என்ன, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், வந்துபோகும் செலவுக்கான பேட்டாவை எங்கே கேட்டு வாங்குவது, இவ்வளவுதான். ஃபீஸ் கிடையாது.

பெரியவரே, மகள் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன். பேர் போடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாட்சிப் பேட்டா வாங்காமலே போய்விட்டீர்கள். பஸ் டிக்கெட் இருந்தால் அனுப்பி வையுங்கள், நான் போவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.