தாங்குவது வேறு, வாழ்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் சூழல்களில் வாழும் ‘அதிசயக் கிருமிகள்’ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பதறிப்போய்க் கேட்டார்: “அக்கா, 121 டிகிரியிலகூட சாகாத கிருமி இருக்காமே! அப்ப நாம ஆட்டோகிளேவ்ல வைக்கிறதெல்லாம் வீணா?” (ஆட்டோகிளேவ் என்பது அழுத்தமான நீராவியில் கருவிகளை வைத்துக் கிருமி நீக்கும் கலன்; 121 டிகிரிதான் அதன் வழக்கமான சூடு.)

தகவல் உண்மைதான். பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து எடுத்து, 2003-இல் ஆய்வாளர்கள் காஷெஃபியும் லவ்லியும் அறிவித்த ‘ஸ்ட்ரெய்ன் 121’ என்ற நுண்ணுயிர் ஆட்டோகிளேவ் சூட்டில் பிழைத்ததோடு நிற்கவில்லை, ஒரே நாளில் இரண்டு மடங்காகப் பெருகியது. கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 85 டிகிரிக்குக் கீழே அது வளராது. நம் உடம்புச் சூடு அதற்குக் கடுங்குளிர். அதனால் நமக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

எங்களுக்குக் கவலை தருவது ஜியோபேசிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள். கொதிநீரையும் பொறுத்துக்கொண்டு உறங்கிக் கிடக்கும். அவற்றை அடைத்த சின்னக் குப்பி ஒன்றைக் கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, பிறகு இதமான சூட்டில் வைத்துப் பார்ப்போம். உள்ளே இருக்கும் ஊதாத் திரவம் மஞ்சளாக மாறினால் ஸ்போர் சாகாமல் விழித்துக்கொண்டது, கிருமி நீக்கம் சரியாக நடக்கவில்லை என்று பொருள். அந்தக் கருவிகளை யாரும் தொடக்கூடாது.

சூட்டிலேயே வாழ்வது, சூட்டைத் தாங்கிக் கிடப்பது என்ற இந்த இரண்டு வகையையும் கட்டுரையாளர் ஒன்றாக்கி, ‘கொடிய சூழலோடு போராடி உயிர் பிழைக்கின்றன’ என்று எழுதிவிட்டார். என் வருத்தம் அதில்தான். படிக்கும் காலத்தில், கடும் உப்புநீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆசிரியை கண்ணாடி வில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்பில்லாத தண்ணீரை விட்டார். குச்சி குச்சியாக இருந்தவை உருண்டு திரண்டன; பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து காணாமல் போயின. அவற்றின் உடலைக் கட்டிப் பிடித்திருந்ததே அந்த உப்புதான். அதனோடு அவை எங்கே போராடின?

டெய்னோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் கதை வேறு. 1956-இல், காமா கதிர் பாய்ச்சிய டின் இறைச்சி கெட்டுப்போனபோது அகப்பட்டது அது. மனிதரைக் கொல்ல 5 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) போதும். அது 5,000 கிரேயையும் தாங்கும். டிஎன்ஏ நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறினாலும் சில மணி நேரத்தில் கோத்துக்கொள்ளும். ஆனால் கதிர்வீச்சு அதற்குத் தேவையே இல்லை. வறட்சியில் காய்ந்து கிடந்து பழகியதால் வந்த திறமை என்று கருதுகிறார்கள். இதைப் போராட்டம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா இந்த இரண்டு வகையிலும் சேராது. யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் புகுந்துவிடுகிறது.

இவ்வளவு வேறுபாட்டையும் ‘அதிசயக் கிருமிகள்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், படிப்பவர்களுக்கு பயம் மட்டுமே மிஞ்சும். எது எந்தச் சூட்டில் வளர்கிறது, எதில் வெறுமனே தாக்குப்பிடிக்கிறது என்ற விவரத்தோடு கட்டுரையாளரைக் கொண்டே இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர், தங்கள் நெடுநாள் வாசகி