சிகாகோ டீச்சர்கள் புரட்டிய வரிக் கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலையா? ரிட்டயர் ஆன பிறகும் பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்கிறாய் என்று வீட்டில் திட்டு விழுவதாக எழுதியிருந்தாய். படித்ததும் பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஞாபகத்துக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் கடையில் பார்த்தேன். தள்ளுவண்டி நிறையப் பென்சில் டப்பா, பசைக்குச்சி, டிஷ்யூ பெட்டி. பணம் கட்டியது அவர் சொந்தக் கார்டில். "பிள்ளைங்க வெறுங்கையோட உட்காரக் கூடாதில்லையா" என்றார். இப்படி ஆசிரியர்கள் கைக்காசு போடுவது அமெரிக்க அரசாங்கத்துக்கே தெரியும். வருமான வரியில் அதற்கென்று 250 டாலர் கழிவு கொடுத்தார்கள். 2022-ல் 300 ஆக்கினார்கள்!

அமெரிக்காவில் வாத்தியாருக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருந்தாய். காலத்துக்கு ஒரு மாதிரி. 1820-ல் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் கதையில் வரும் வாத்தியார் ஒல்லிக்குச்சி, பேய்க்கதைக்கு நடுங்குபவர், வாரத்துக்கு ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர். பிறகு பெண்கள் நிறைய வந்தார்கள். பாதிச் சம்பளத்துக்குக் கிடைப்பார்கள் என்பதும் ஒரு காரணம். கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்று பல ஊர்களில் விதி. உடனே ஆசிரியை என்றால் தியாகத் தாய். 2008-ல் டைம் பத்திரிகை அட்டையில், வாஷிங்டன் பள்ளிகளின் தலைவி மிஷெல் ரீ கையில் துடைப்பத்தோடு நின்றார், மோசமான ஆசிரியர்களைக் கூட்டித் தள்ளுவதற்கு. பத்தே வருஷத்தில் அதே பத்திரிகை அட்டையில் ஓர் ஆசிரியை: 16 வருஷ அனுபவம், கூடுதலாக இரண்டு வேலை, அதுவும் போதாமல் ரத்தப் பிளாஸ்மா கொடுத்துக் குடும்பச் செலவைப் பார்க்கிறார். தெய்வம் என்றாலும் தண்டம் என்றாலும் சம்பளப் பேச்சு மட்டும் காணாமல் போகிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

கம்பெனிகளைப் போல் பள்ளியை நடத்தினால் எல்லாம் சரியாகும் என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். கம்பெனி பள்ளிக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று பார்: 1990-ல் சேனல் ஒன் என்றொரு நிறுவனம் வகுப்பறைகளுக்கு இலவச டிவி கொடுத்தது. பதிலுக்குப் பிள்ளைகள் தினமும் 12 நிமிஷ நிகழ்ச்சி பார்க்க வேண்டும். அதில் 2 நிமிஷம் விளம்பரம்.

ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவர் மார்கரெட் ஹேலி. சிகாகோவில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். 1900 வாக்கில், சொன்ன சம்பள உயர்வைக் கொடுக்கப் பணமில்லை என்று பள்ளி வாரியம் கைவிரித்தது. ஹேலியும் இன்னோர் ஆசிரியை கேத்தரின் காகினும் வரிப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். டிராம், கேஸ், மின்சாரக் கம்பெனிகள் ஊர்த் தெருவில் தொழில் நடத்தும் உரிமைக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டவே இல்லை! வழக்குப் போட்டு, 1901-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். வந்த பணத்தையும் வாரியம் வேறு செலவுக்குத் திருப்ப, மறுபடி கோர்ட். 1904-ல் அதிலும் ஜெயித்தார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் கம்பெனிகளின் கணக்கைத் திருத்தினார்கள் என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

டிசம்பரில் வருகிறேன். பெட்டியில் இடம் இருக்கிறது. உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று எழுது, கூச்சப்படாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்