திறந்த இல்ல உபசரிப்புக்கு முன்

பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்களில் ஒருவருக்குச் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத குடல் நோய்), ஒருவர் வீகன் (இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் தொடாதவர்), ஒரு பிள்ளைக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது என்று எழுதியிருந்தாய். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமைக்கப் போகாதே, நீ ஓய்ந்துவிடுவாய். அரிசி, உளுந்து, பாசிப்பயறு, தேங்காய் என்று நம் பலகாரத்தில் பாதி கோதுமை இல்லாததுதான். அந்தப் பாதியிலிருந்து மூன்றை எடுத்து, எல்லாருக்கும் அதையே வை. பயறு வகை ஒத்துக்கொள்ளுமா, எள், தேங்காய் ஆகுமா என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடு. நிலக்கடலையும் பயறு இனம்தான்.

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவு கலப்பது வழக்கம். பின்புறம் 'தெப்புங் கண்டும்' என்றிருந்தால் அதுதான், மலாயில் கோதுமை மாவு. சிட்டிகைதானே என்று விடாதே, சீலியாக் உள்ளவர் குடலுக்கு ரொட்டித் துணுக்கு அளவே கெடுதல். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் ஓமம் போடு, முறுக்குக்கு மணம் குறையாது. சாம்பார்ப் பொடியிலும் இதே பெருங்காயம் இருக்கலாம், அதையும் பார். புளுட் அரிசி (ஒட்டும் அரிசி) பாக்கெட்டில் 'குளூட்டினஸ்' என்று போட்டிருப்பதைக் கண்டு பயப்படாதே. அது பசைத்தன்மையைச் சொல்கிறது, அதில் குளூட்டன் கிடையாது. ரவை மட்டும் அசல் கோதுமை, அதனால் கேசரி வேண்டாம். ஜவ்வரிசிப் பாயசம் வை. தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்று, கொதித்தால் திரிந்துவிடும்.

முறுக்குக்குப் பச்சரிசி மாவு 400 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம். உளுந்தை வாசம் வரும்வரை வறுத்தால் போதும், சிவந்தால் முறுக்கு கறுக்கும். உப்பு 2 தேக்கரண்டி, ஓமம் 1 தேக்கரண்டி. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டியைச் சூடாக்கி மாவில் ஊற்றி, விரலால் நன்றாகப் பிசறு. ஒரு பிடி மாவை அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லியை இளஞ்சூடாக ஊற்றிப் பிசைந்து, மீதிக்கு வெந்நீரைத் தெளித்துத் தெளித்துச் சேர். தேங்காய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு என்பதால் எண்ணெயைக் கூட்டாதே. கூடினால் முறுக்கு எண்ணெயில் கரைந்து உதிரும், குறைந்தால் பல்லுக்குக் கடினம். பிழியும்போது இழை அறுந்தால் மாவு காய்ந்திருக்கிறது, கையை நனைத்து மறுபடி பிசை. தேங்காய்ப்பால் சீக்கிரம் நிறம் பிடிக்கும், எண்ணெய் 165–170 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். சலசலப்பு அடங்கியதும் எடு.

எண்ணெய் புதிதாக இருக்கட்டும். மைதா போட்ட பலகாரம் பொரித்த எண்ணெயில் குளூட்டன் தங்கியிருக்கும், சூட்டில் அழியாது. முந்திரி வறுத்த எண்ணெயும் அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான். ஆகவே இவர்களுடையதை முதல் நாளே பொரித்து மூடி வைத்துவிட்டு, மற்றதைப் பிறகு தொடு. பழைய மரக்கட்டை அச்சின் வெடிப்புகளில் மாவு ஒளிந்திருக்கும், எஃகு அச்சே நல்லது.

இனி நெய் உருண்டை. வீகனுக்காக நெய்யைத் தேங்காய் எண்ணெயாக மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பாய். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். கோலாலம்பூர் வீட்டுக்குள் 30 டிகிரி. குளிர்சாதனப் பெட்டியில் இறுகிய உருண்டை, தட்டில் வைத்த கால் மணி நேரத்தில் அடி பரந்து எண்ணெய் கக்கும். அதனால் கொழுப்பை நம்பாமல் பாகை நம்பு. பாசிப்பயறை வறுத்து அரைத்த மாவு 250 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 60 மில்லி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். 'டங்'கென்று சத்தம் வரும் பதத்துக்குப் போனால் உருண்டை கல்லாகிவிடும். பாகில் மாவு, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய், முந்திரிக்குப் பதில் சிவக்க வறுத்த தேங்காய்ப்பல் சேர்த்து, சூடு ஆறுமுன் அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு உருட்டு. ஆறிவிட்டால் உதிரும், அப்போது ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சூடாக்கு. குலா மலாக்காவில் (தென்னை வெல்லத்தில்) ஈரம் கூடுதல், அதைப் போட்டால் தண்ணீரைப் பாதியாகக் குறை.

அச்சு முறுக்கில் முட்டையை விட்டுவிடலாம். அரிசி மாவு 250, மரவள்ளி மாவு 50, சீனி 120 கிராம், தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக 400 மில்லி. முட்டை இல்லாத மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கு. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்கு. முழுதும் மூழ்கினால் கழலாது.

வீகனுக்கென்று கடையில் வாங்கும் 'சைவ மட்டன்' பெரும்பாலும் கோதுமைப் புரதம், சிலவற்றில் முட்டை வெள்ளையும் உண்டு. பலாக்காய்ப் பிரட்டல் செய், மூவரும் சாப்பிடலாம். பால் இல்லாத குருமாவுக்கு முந்திரி விழுது அரைக்காதே, தேங்காயே போதும். சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) சேர்ந்தால் அது வீகன் இல்லை. பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை யாராவது வந்தால் நெய்யும் கூடாது, எவ்வளவு வடித்தாலும் பால் புரதம் கொஞ்சம் தங்கும்.

பைனாப்பிள் டார்ட், கடலை மிட்டாய் டின்களை வேறு மேசையில் வை. பிள்ளைகள் ஒன்றில் கைவிட்டு அடுத்ததில் கைவிடுவார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே சேர்ந்தது என்ன என்று எழுதி ஒட்டு. கேட்பவரிடம் 'சாப்பிடலாம்' என்று மட்டும் சொல்லாமல் சாமான்களைச் சொல், முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

மாவு மில்லில் அரைக்கக் கொடுக்காதே, அதே இயந்திரத்தில் கோதுமையும் ஓடுகிறது. அரிசி, உளுந்து, பாசிப்பயறு மூன்றையும் வீட்டிலேயே அரைத்து, சலித்து, தனித்தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். வந்ததும் ஈரமில்லாத டப்பாவில் போட்டு, உன் ஆட்டா டின்னுக்கு மேல்தட்டில் வை. கீழே வைத்தால் ஆட்டா கொட்டும்.

அன்புடன்,
அம்மா