கீரை விதையில் கஞ்சி

டொராண்டோ
அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே உறைபனி விழத் தொடங்கிவிட்டது. இனி வசந்தம் வரும் வரை மண்ணில் கைவைக்க முடியாது. ஆனால் குளிர்காலத்துக்கு வேண்டிய கஞ்சி தானியம் தோட்டத்திலிருந்தே வந்துவிட்டது. அதுவும் கீரை விதை!

நம் தண்டுக்கீரையின் இனம்தான். மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தானியத்துக்கென்றே பயிரிடும் வகை. ஆளுயரம் வளர்ந்து உச்சியில் அரக்குச் சிவப்பாகக் கதிர் தள்ளுகிறது. தோவாளைச் சந்தையில் குவித்து விற்கும் கோழிக்கொண்டைப் பூவும் இதே குடும்பம். நம் கீரை விதை கறுப்பு. இது சந்தன நிறம், கசகசாவைப் போலப் பொடி.

நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கித் துவரன் வைத்தேன். தேங்காய், சீரகம், சின்ன உள்ளி, எல்லாம் நீங்கள் சதைத்துப் போடும் பக்குவம்தான்.

கதிரை உள்ளங்கையில் உருட்டினால் மணி உதிர வேண்டும். அதுதான் அறுக்கும் பருவம். வெட்டி, துணி விரித்துக் காயவைத்துக் கசக்கினேன். உமி கையைக் குத்தும், கையுறை இல்லாமல் முடியாது. சுளவு இங்கே ஏது? தட்டில் பரப்பி, மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டு ஊதியெடுத்தேன். காற்று கொஞ்சம் கூடினாலும் மணியும் சேர்ந்து பறந்துவிடும். அம்மா, உங்கள் கையில் சுளவு இருந்திருந்தால் ஒரு மணி வீணாகியிருக்காது.

ஒரு பங்கு விதைக்கு மூன்று பங்கு தண்ணீர். இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். கடைசியில் தேங்காய்ப்பால், உப்பு. அரிசியைப் போல இரு மடங்கு புரதம் இருப்பதால் பிள்ளைகளுக்குக் காலையில் இதையே கொடுக்கிறேன். பொரிப்பதற்கு இரும்புச் சட்டி நன்றாகக் காய வேண்டும். எண்ணெய் வேண்டாம். ஒரு கரண்டி போட்டு மூடினால் சடசடவென்று வெள்ளையாகப் பொரியும். நொடியில் இறக்காவிட்டால் கருகும். மெக்சிகோக்காரர்கள் அதைத் தேனில் பிடிக்கிறார்கள். நான் நீங்கள் கொடுத்துவிட்ட கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு உருண்டை பிடித்தேன். உங்கள் பேத்தி பள்ளிக்கும் கொண்டுபோகிறாள்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். வடநாட்டுச் சாமான் விற்கும் கடையில் ராஜகிரா என்று கேட்டால் கிடைக்கும். பொரிக்காத விதையாக வாங்குங்கள். தென்னை நிழல் விழாத இடம் வேண்டும், அதனால் கிணற்றடிக்குத் தெற்கே போடுங்கள். மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும். இப்போது வேண்டாம், ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போய்விடும். தையில் விதைத்தால் வைகாசியில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். அறுப்புக்கு அத்தையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், குனிந்து நிமிர்ந்து தனியாகச் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்