சொரூபமும் விக்கிரகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கர் வீடுகளில் உள்ள சொரூபங்கள், அதாவது மாதா, புனிதர் சிலைகள், யாவும் தெய்வமாக வணங்கப்படும் விக்கிரகங்களே என்று வாதிட்டு, சென்ற வாரம் தங்கள் இதழில் வெளியான கடிதத்தை யாங்கோனிலிருந்து படித்தேன். இதே வாதத்தால் என் அண்ணன் மகளின் திருமணப் பேச்சு இரண்டு மாதமாக நின்றுபோயிருக்கிறது. முன்கூடத்தில் இருக்கும் மாதா சொரூபத்தை எடுத்தால்தான் படியேறுவோம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கத்தோலிக்கர்; அவர்கள் சொரூபம் வைக்காத வேறு சபைக் கிறிஸ்தவர்கள். அவர்களும் தமிழர்களே, ஜெபக்கூட்டம் தவறாத நல்ல குடும்பம்.

இந்த வழக்கில் சொல்லும் ஒரு பங்கு வகிக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், ‘ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும்’ உண்டாக்க வேண்டாம் என்கிறது. எங்கள் கோயில்களில் அந்தோனியார் சிலைக்கும் மாதா சிலைக்கும் வழங்கும் பெயர் அதே சொரூபம்தான். ஆகவே அந்த வசனம் எங்களைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதாகவே வாசிப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஐந்து அதிகாரம் தள்ளி, அதே கடவுள் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் இரு ஓரங்களிலும் பொன்னால் கேருபீன்கள் என்ற சிறகுள்ள வானதூதர் உருவங்களைச் செய்யும்படி மோசேக்குக் கட்டளையிடுகிறார். சொரூபம் செய்யாதே என்னும் இந்த வசனத்தைப் பத்துக் கட்டளைகளில் இரண்டாவதாக எண்ணி, கத்தோலிக்கர் அந்த இரண்டாம் கட்டளையை மறைத்துவிட்டதாகவும் அக்கடிதம் கூறுகிறது. பழங்காலத் திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தீனாரின் வழிப்படி அதை முதல் கட்டளையோடு சேர்த்தே எண்ணுகிறோம்; புரோட்டஸ்தாந்தரான லுத்தரன் சபையாரும் அப்படியே எண்ணுகிறார்கள்.

என் மனத்தில் நெடுநாளாக இருப்பது வெண்கலச் சர்ப்பம். எண்ணாகமம் 21-இல் கடவுளே செய்யச் சொன்னார். பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைகளுக்குப் பின், ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டி வந்தபடியால், எசேக்கியா ராஜா அதை உடைத்து நிகுஸ்தான் (வெறும் வெண்கலத் துண்டு) என்று பேரிட்டதை 2 இராஜாக்கள் 18-இல் படிக்கிறோம். மோசே உயர்த்தியதும் எசேக்கியா உடைத்ததும் ஒரே வெண்கலம். இடையில் மாறியது அதன் முன் நின்றவர்களின் எதிர்பார்ப்பு மட்டுமே. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, படங்களுக்கு உரியது வணக்கம் என்று வரையறுத்தது. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம், சொரூபங்களுக்குள் தெய்வத்தன்மையோ தனி ஆற்றலோ இருப்பதாக நம்பி அவற்றிடம் எதையும் கேட்கலாகாது என்று தெளிவாகவே சொன்னது. அதே ஆண்டில் வெளிவந்த, புரோட்டஸ்தாந்தரின் ஞானோபதேச நூலான ஹைடல்பர்க் வினாவிடையோ, கல்லாதவர்களுக்குப் புத்தகமாகக்கூடப் படங்கள் கோயிலில் வேண்டாம் என்றது. படங்கள் விக்கிரகமாகிவிடும் என்ற அந்த அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன்.

ஏனெனில் சொரூபம் விக்கிரகமாவதையும், ஆகாமல் இருப்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். தொலைந்த நகை கிடைக்கவில்லை என்று அந்தோனியார் சொரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துத் தண்டித்த ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அது சர்ப்பத்துக்குத் தூபங்காட்டியதற்குச் சற்றும் குறைந்ததல்ல, எங்கள் சாமியார்கள் அதைக் கண்டிக்கத் தயங்கவும் கூடாது. ஆனால் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த இரவில் எங்கள் ஓட்டுக்கூரை பெயர்ந்து விழுந்தபோது, அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பூ வைத்து வந்த மாதா சொரூபம் தூள் தூளானது. விடிந்ததும் அம்மா சுண்ணாம்புத் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டி, கொய்யா மரத்தடியில் புதைத்தார். அன்று மாலை, பீடம் இருந்த இடத்தில் ஈரம் ஊறிய வெறுஞ்சுவரைப் பார்த்து முழந்தாளிட்டு, வழக்கம்போல் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி ஜெபமாலையை முடித்தார். புதிய சொரூபம் வாங்க ஓராண்டு ஆயிற்று. அதுவரை ஒருநாளும் ஜெபம் நிற்கவில்லை. விக்கிரகத்தை வணங்குகிறவர் தம் தெய்வம் உடைந்த அன்றே அந்தச் சுவரின் முன் முழந்தாளிடுவாரா என்று கடிதம் எழுதிய அன்பர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அம்மா இப்போது இல்லை. அவர் இறக்கும்போது கையில் வைத்திருந்த பாடுபட்ட சொரூபத்தை, அதாவது இயேசு அறையப்பட்ட சிலுவையை, புகுந்த வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது மட்டுமே என் அண்ணன் மகளின் விருப்பம். மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து, எண்ணாகமம் 21-ஐயும் 2 இராஜாக்கள் 18-ஐயும் எங்களோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். அவர்களுடைய வேதாகமத்தையே கொண்டு வரட்டும். முன்கூடத்தில் உட்காரச் சங்கடமானால் திண்ணையில் பாய் விரிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன், மியான்மர்.